1940-இல் வந்த 'கவல்லேரியா ருஸ்திகானா' பதிவில் உண்மையிலேயே நன்றாகப் பாடுவது யார்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மஸ்கான்யி தன் 'கவல்லேரியா ருஸ்திகானா' ஓபராவைத் தானே நடத்தி 1940-இல் செய்த பதிவை நண்பர் கேட்டிருக்கிறார். துரித்துவாக வரும் டெனர் (உயர்ந்த ஆண்குரல்) ஜீல்யியின் குரல் அவருக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. சாந்துத்ஸாவாக வரும் லீனா புரூனா ராஸா கத்துவதாகத் தோன்றுகிறது. எல்லாமே ஊர்ந்து போகிறது என்கிறார். இந்தப் பதிவை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள், பழைய பதிவில் பாடகர்களை எப்படி எடைபோடுவது என்பது அவர் கேள்வி.

என் தீர்ப்பு நேர் எதிரானது. அந்தப் பதிவிலேயே பெரிய பாட்டு புரூனா ராஸாவுடையதுதான். ஜீல்யியை எனக்கும் மிகவும் பிடிக்கும், இருந்தாலும் இதில் அவருக்கு இரண்டாம் இடம்தான்.

கதை தெரியாதவர்களுக்கு: சிசிலியில் ஒரு கிராமம், ஈஸ்டர் திருநாள் காலை. துரித்து பட்டாளத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் அவன் காதலித்த லோலா, வண்டிக்காரன் அல்ஃபியோவைக் கட்டிக்கொண்டுவிட்டாள். அந்த வேதனையில் சாந்துத்ஸாவோடு பழகி, அவள் மானத்தையும் கெடுத்துவிட்டு, மறுபடியும் லோலாவிடமே போகிறான். மனம் வெந்துபோன சாந்துத்ஸா விஷயத்தை அல்ஃபியோவிடம் போட்டு உடைக்கிறாள். கத்திச் சண்டையில் துரித்து சாகிறான். 1890 மே 17 அன்று ரோமில் கொஸ்தான்ஸி அரங்கில் முதலில் மேடையேறியது. ஒரே அங்கம்தான். வழக்கமாக 70 நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும்.

ஐம்பதாவது ஆண்டைக் கொண்டாட மிலானின் லா ஸ்காலா ஓபரா அரங்கின் இசைக்குழுவையும் கோரஸையும் வைத்து 1940 ஏப்ரலில் இதைப் பதிந்தார்கள். மஸ்கான்யிக்கு அப்போது 76 வயது. முன்னுரையாக அவரே பேசும் பேச்சும் பதிவோடு இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து, ஜூன் 10 அன்று, இத்தாலி போரில் இறங்கியது.

சரி, எடைபோடுவது எப்படி? பழைய இசைத்தட்டு சிலவற்றை மறைக்கும், சிலவற்றை மறைக்கவே முடியாது. குரல் எவ்வளவு பெரியது, அரங்கத்தின் கடைசி வரிசைவரை எப்படி நிறைந்தது, உச்சத்தில் எவ்வளவு பளபளப்பு இருந்தது என்பதையெல்லாம் தட்டு மறைத்துவிடும். 1925-க்கு முன் மைக் கிடையாது. பாடகர் ஒரு கொம்புக்குள் பாடுவார், அந்த அதிர்வே ஊசியைத் தள்ளி மெழுகில் வெட்டும். அதில் சோப்ரானோ எனும் உயர்ந்த பெண்குரல்கள்தான் அதிகம் அடிவாங்கின. 1940-இல் மைக் வந்து பதினைந்து ஆண்டு ஆகிவிட்டது என்றாலும், மைக்குக்கு எவ்வளவு அருகில் நின்றார் என்பதைப் பொறுத்து ஒரு குரல் பெரிதாகவும் இன்னொன்று சின்னதாகவும் விழும். அதனால் 'இவர் குரல் அவர் குரலை விடப் பெரியது' என்று தட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்ல நான் துணிய மாட்டேன்.

எவ்வளவு மோசமான தட்டிலும் தப்பிப் பிழைப்பவை வேறு: சுருதி, எடுப்பு (ஸ்வரத்தைத் தொடங்கும் விதம்), மூச்சு, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்குப் போகும் விதம், சொல்லை உச்சரிக்கும் விதம். இவற்றை ஊசி அப்படியே எடுத்துக்கொள்கிறது. ஒரு சொற்றொடரின் நடுவில் மூச்சு எடுத்தாரா, முடிவுவரை தாங்கினாரா என்பது இரைச்சலுக்கு நடுவிலும் தெளிவாகக் கேட்கும். நான் கேட்பது இவற்றைத்தான். குரலின் அழகு அப்புறம்.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் நாலு, நாலரை நிமிடம்தான் கொள்ளும். வெட்டி ஒட்டுகிற வசதி கிடையாது. காந்த நாடா பதிவுக்கூடங்களுக்குப் பரவலாக வந்தது போருக்குப் பிறகுதான். ஓர் இடத்தில் தவறினால் அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி பாட வேண்டும். பக்கம் முடிந்ததும் எல்லோரும் நிறுத்தி, அடுத்த பக்கத்துக்குப் பாதி ஆவேசத்தில் திரும்பவும் தொடங்க வேண்டும். சாந்துத்ஸாவும் துரித்துவும் சண்டையிடும் அந்த நீண்ட ஜோடிப் பாட்டில் கோபம் படிப்படியாக ஏறுவதை இப்படித் துண்டு துண்டாகப் பாடிக் கட்டியிருக்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

மெதுவாகப் போகிறது என்பது உண்மைதான். இந்தப் பதிவு 80 நிமிடத்தை ஒட்டி ஓடுகிறது. ஆனால் அந்த வேகத்தைத் தேர்ந்தெடுத்தவர் மஸ்கான்யி, பாடகர்கள் இல்லை. அதைப் பாடகர்கள் தலையில் கட்டக் கூடாது. எழுதியவரே எழுபத்தாறு வயதில் தன் இசையை ஒவ்வொரு சொல்லாகக் கிடத்திக் காட்ட விரும்புகிறார். மூச்சு பலவீனமான பாடகரை இந்த வேகம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். பாடகரை மதிப்பிட இதைவிடக் கடுமையான சோதனை கிடையாது என்பேன்.

இப்போது புரூனா ராஸா. 'வோய் லோ சபேத்தே, ஓ மம்மா' என்று தொடங்கும் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாந்துத்ஸா துரித்துவின் அம்மாவிடம் தன் கதையைச் சொல்லும் இடம். தொடக்கத்தில் பாட்டு அவ்வளவாக மேலே ஏறுவதில்லை. பேச்சுக்குப் பக்கத்திலேயே, நடுக்குரலில் நகர்கிறது. பல பாடகிகள் இந்தப் பகுதியைச் சும்மா கடந்துபோய், உச்சத்துக்காகக் காத்திருப்பார்கள். இவர் காத்திருப்பதில்லை. 'பட்டாளத்துக்குப் போகுமுன் துரித்து லோலாவிடம் சத்தியம் செய்திருந்தான்' என்பதை நியாயம் கேட்க வந்தவள் போல, ஒவ்வொரு மெய்யெழுத்தையும் அழுத்தி வைத்துச் சொல்கிறார். குரல் இருண்டிருக்கிறது, சீராகவும் இருக்கிறது. மெதுவான தாளம் கீழிருந்து இழுத்தாலும் தொடர் அறுவதில்லை.

பிறகு 'லாமாய்', நான் அவனைக் காதலித்தேன், என்ற இடம். இசை மேலே பாய்கிறது. நண்பர் 'கத்துகிறார்' என்பது இங்கேதான் இருக்கும். உச்சத்தில் குரல் இறுகுகிறது, வட்டமாக இல்லை, விளிம்பு கூராக இருக்கிறது. மறுக்க மாட்டேன். ஆனால் சுருதியைக் கேளுங்கள். எடுப்பைக் கேளுங்கள், கீழிருந்து தடவித் தடவி ஏறாமல் நேராக அங்கே போய் நிற்கிறார். அதோடு முக்கியமாக, உச்சத்திலிருந்து இறங்கும்போது என்ன செய்கிறார் என்று கேளுங்கள். கடைசி 'இயோ பியாங்கோ', நான் அழுகிறேன், வரும்போது விம்மல் எதையும் சேர்க்காமல் எழுதிய ஸ்வரத்தைப் பாடுகிறார். குரல் மட்டும் வற்றிப்போகிறது. அழுகையைப் போலி செய்யாமல் அழ வைப்பது எவ்வளவு அரிய காரியம்!

மஸ்கான்யிக்கு இவர் மேல் பெரிய மதிப்பு. 1935-இல் லா ஸ்காலாவில் தன் 'நெரோனே' ஓபராவை முதன்முதலில் மேடையேற்றியபோது ஆத்தே பாத்திரத்தை இவருக்குத்தான் கொடுத்தார். 1938-இல் ஹேக் நகரில் அவர் நடத்திய 'கவல்லேரியா'வின் மேடைப் பதிவிலும் சாந்துத்ஸா இவர்தான். 1940-இல் இவருக்கு வயது 32. அதற்குள் மனநோய் இவர் மேடை வாழ்க்கையை ஏறக்குறைய முடித்துவிட்டிருந்தது. பிற்கால வாழ்க்கை மனநல இல்லத்தில் கழிந்தது, 1984-இல் இறந்தார். இந்தத் துயரத்தை வைத்துப் பாட்டுக்கு மார்க் போடுவது எனக்குப் பிடிக்காது. சிலர் 'அந்த நோய்தான் குரலில் கேட்கிறது' என்று எழுதுகிறார்கள். எனக்குக் கேட்பது நோயில்லை. ஒரு பாத்திரத்தை வரிவரியாகத் தெரிந்து வைத்திருக்கும் பாடகியின் வேலைதான் கேட்கிறது.

இதை ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால், 1930-ஐ ஒட்டி மொலயோலி நடத்திய கொலம்பியா நிறுவனப் பதிவில் ஜான்னீனா ஆராங்கி-லொம்பார்தியைக் கேளுங்கள். குரல் என்று பார்த்தால் அவருடையது இதைவிடச் செழிப்பானது, உச்சமும் வட்டமாக நிற்கிறது. கேட்க சுகம். ஆனால் எனக்கு அங்கே ஒரு நல்ல சோப்ரானோ கேட்கிறார், இங்கே சாந்துத்ஸா கேட்கிறாள்.

அடுத்து ஜீல்யி. பிறந்தது 1890 மார்ச்சில், அதாவது ஓபராவும் அவரும் ஒரே ஆண்டு. பதிவின்போது ஐம்பது வயது. ஐம்பது வயது டெனரின் குரல் இவ்வளவு இளமையாக இருப்பதே வியப்பு. திரை விலகுமுன் பின்னாலிருந்து ஹார்ப் துணையோடு வரும் 'ஓ லோலா' பாட்டில் அவர் மென்குரல் அப்படியே மிதக்கிறது. கடைசியில் பாடகன் தூரமாகப் போவதுபோல ஒலி தேய்ந்து மறைய வேண்டும். அந்தத் தேய்வை இவ்வளவு அழகாகச் செய்யக்கூடியவர்கள் குறைவு. பாதிக் குரலிலும் ஸ்வரத்தின் நடுப்புள்ளி கெடுவதில்லை. அது வரம் மட்டுமில்லை, கடும் பயிற்சி.

எனக்குச் சிக்கல் கடைசியில்தான். துரித்து அம்மாவிடம் விடைபெறும் 'மம்மா, குவெல் வீனோ' பாட்டில் ஜீல்யி விம்முகிறார், தேம்புகிறார், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே மூச்சால் வெட்டுகிறார். அந்தக் கால இத்தாலிய மேடையில் இது வழக்கம்தான், ரசிகர்களும் எதிர்பார்த்தார்கள். துரித்து சாகப் போகிறவன், குடித்திருக்கிறான், அழலாம். ஆனால் அவன் குடி தலைக்கேறியதுபோலப் பேசி, தன் பயத்தை அம்மாவிடம் மறைக்கப் பார்க்கிறான். நாடகமே அந்த மறைப்பில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் அழுது தீர்த்துவிட்டால் மறைப்பதற்கு என்ன மிச்சம்? 'நான் திரும்பி வராவிட்டால் நீ சாந்தாவுக்கு (சாந்துத்ஸாவுக்கு) தாயாக இரு' என்ற வரியை ஜீல்யி நேராகப் பாடும் கணங்களில், அந்தத் தேன்குரலே போதுமானதாக இருக்கிறது. அப்போதெல்லாம் விம்மலைச் சேர்த்தது வீண் என்று தோன்றும். குரலழகுக்கு மார்க் என்றால் முதலிடம் இவருக்குத்தான், சந்தேகமே இல்லை. இந்த ஓபராவைப் பாடியதற்கு என்றால் இரண்டாவது.

அல்ஃபியோவாக ஜீனோ பெக்கி. இருபத்தாறு வயதுப் பையன், ஆனால் குரலில் முரட்டுப் பெரிய மனிதன். குதிரை வண்டிப் பாட்டு இந்த வேகத்தில் துள்ளாமல் கனக்கிறது, பாதிப் பழி தாளத்துக்கு, மீதி அவருக்கு: எல்லா ஸ்வரத்தையும் ஒரே அழுத்தத்தில் குத்துகிறார். ஆனால் சாந்துத்ஸா சொன்ன செய்தியைக் கேட்ட பிறகு வரும் கோபத்தில் அதே அழுத்தம் சரியாகப் பொருந்திவிடுகிறது. லோலாவாக மரியா மார்க்கூச்சி குறையொன்றும் வைக்கவில்லை, மனத்திலும் பெரிதாக நிற்கவில்லை.

யாரும் கவனிக்காமல் விடுவது துரித்துவின் அம்மாவை, மம்மா லூச்சியாவை. அந்தச் சின்ன வேடத்தில் இருப்பது ஜூலியெத்தா சிமியோனாத்தோ! வயது முப்பதுகூட ஆகவில்லை, ஐம்பது வயது ஜீல்யிக்கு அம்மா. அந்த ஆண்டுகளில் லா ஸ்காலாவில் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் இப்படிச் சில்லறை வேடங்கள்தான். போருக்குப் பிறகுதான் இத்தாலியின் முதல்வரிசை மெத்ஸோ (சோப்ரானோவுக்குச் சற்றுக் கீழான பெண்குரல்) ஆனார். சாந்துத்ஸா கதையைச் சொல்லி முடித்ததும் லூச்சியாவுக்கு ஒரு வரி வருகிறது: 'பாவிகள் நாம், இந்தப் புனித நாளில் என்ன சொல்ல வந்தாய்?' அந்த ஒரு வரியைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். குரலைக் கிழவியாக்க அவர் மெனக்கெடவில்லை. சொற்களை அதிர்ச்சியோடு, தாளத்துக்குள், சுத்தமாக வைக்கிறார். நட்சத்திரத்தை அடையாளம் காணப் பெரிய பாட்டு வேண்டியதில்லை. இருபது ஆண்டு கழித்து, 1960-இல் துல்லியோ செராஃபின் நடத்திய டெக்கா நிறுவனப் பதிவில் இவரே சாந்துத்ஸா. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், அன்று புரூனா ராஸாவுக்கு எதிரே நின்று அந்தக் கதையைக் கேட்டவர் பிறகு தானே அதைச் சொல்வது தெரியும்.

நண்பர் எந்த மறுபதிப்பில் கேட்டார் என்று சொல்லவில்லை. அது முக்கியம். இணையத்தில் சுற்றும் சில பிரதிகளில் இரைச்சலை அழிக்கிறேன் என்று மேல் அதிர்வெண்களையே அழித்துவிடுகிறார்கள். 'ஸ', 'ச' ஒலிகள் மழுங்கியிருந்தால், பின்னணி இரைச்சல் துளியும் இல்லாமல் இருந்தால், அந்தப் பிரதியை ஒதுக்கிவிடுங்கள். உச்சக் குரல்கள் தகரம்போல ஒலிப்பது பல நேரம் பாடகியின் குற்றமில்லை, அதிகமாகத் துடைத்ததன் விளைவு. கொஞ்சம் கரகரவென்று இருந்தாலும் முழு ஒலியை விட்டுவைத்திருக்கும் பிரதியைத் தேடுங்கள். ஹெட்போனைவிட அறையில் ஸ்பீக்கரில் கேட்பது இந்தக் காலத் தட்டுகளுக்கு நல்லது. இரைச்சல் பின்னால் போய்க் குரல் முன்னால் வரும்.

கேட்கும்போது முழு ஓபராவையும் ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். சாந்துத்ஸாவின் பாட்டு, லூச்சியாவின் அந்த ஒரு வரி, உடனே தொடரும் துரித்து - சாந்துத்ஸா மோதல், அவள் 'உனக்கு இந்த ஈஸ்டர் நாசமாகப் போக' என்று சபிக்கும் வரை. இவ்வளவையும் கையில் பாடல் வரிகளை வைத்துக்கொண்டு கேளுங்கள். அந்தச் சாபத்தைப் புரூனா ராஸா பாடவில்லை, வீசுகிறார். அது மட்டும் உண்மையிலேயே கத்தல்தான், அங்கே கத்தத்தான் வேண்டும்.