கொம்பு ஆடுகிறது, எந்த ஊசி போடலாம்?

கேள்வி: ஐயா, எங்களிடம் ஒரு ஜோடி காங்கேயம் எருது இருக்கிறது. வலத்து மாட்டுக்கு வயது 8. நாலு மாதமாக அடிக்கடி தலையை உதறுகிறது, கட்டுத்தறியில் கொம்பைத் தேய்க்கிறது. காதில் பூச்சி புகுந்திருக்கும் என்று விட்டுவிட்டோம். ஒரு மாதமாக வலது மூக்கில் மட்டும் சளியோடு இரத்தம் கசிகிறது. வலது கொம்பு அடியில் ஆடுகிறது, கொஞ்சம் சரிந்தும் விட்டது. மருந்துக் கடையில் சொன்னபடி 3 வாரமாக ஊசி போடுகிறோம். முதல் வாரம் தேவலை, இப்போது பழையபடி ஆகிவிட்டது. போன வாரம் கொம்படியில் பிதுங்கியிருந்த சதையை ஒருவர் அறுத்து எடுத்துவிட்டு, பினாயில் ஊற்றிக் கட்டினார். கொம்பு பழையபடி நிற்க எந்த ஊசி போடலாம்? இடத்து மாட்டுக்கும் ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: கொம்பை நிற்க வைக்கிற ஊசி என்று ஒன்று கிடையாது. அந்தக் கொம்பு போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாட்டை நிற்க வைப்பதுதான் இனி வேலை. இடத்து மாட்டுக்கு ஒட்டாது, அதற்காகக் கட்டுத்தறியை மாற்ற வேண்டாம். நீங்கள் கேட்ட இரண்டுக்கும் பதில் இவ்வளவுதான்.

நான் கேட்க நினைப்பது வேறு. போன வாரம் அறுத்த சதை எங்கே? எருக்குழியில் போட்டீர்களா, நாய் தூக்கிக்கொண்டு போனதா? கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் உறுத்தியது அதுதான். இது என்ன நோய் என்ற விடை அந்தச் சதைக்குள்தான் இருந்தது. விடையை வீசிவிட்டு, ஊசியின் பெயரை என்னிடம் கேட்கிறீர்கள்.

காயடித்த எருது, நடுவயது, ஒரே பக்கத்துக் கொம்பு, அதே பக்கத்து மூக்கில் இரத்தம். இந்த நாலும் சேர்ந்து வந்தால் எனக்கு முதலில் தோன்றுவது கொம்புப் புற்றுதான். நம் நாட்டுத் திமில் மாடுகளிடம், அதிலும் எருதுகளிடம்தான் இது அதிகம். பசுவில் குறைவு, காயடிக்காத காளையில் அபூர்வம். பெரும்பாலும் 5 முதல் 10 வயதுக்குள் வரும். வளர்ந்த மாட்டின் கொம்புக்குள் இருக்கிற எலும்பு கெட்டியானதல்ல, பொள்ளல். நெற்றியில் இருக்கிற காற்றறை அப்படியே கொம்புக்குள்ளும் நீண்டு போகிறது. அந்தப் பொள்ளலின் உள்சவ்வில்தான் புற்று கிளம்பும். வெளியே கொம்பு பளபளவென்று இருக்கும்போதே உள்ளே எலும்பை அரித்துக்கொண்டிருக்கும். காற்றறைக்கும் மூக்குக்கும் வழி இருப்பதால், கொம்பில் கசிகிற இரத்தம் மூக்கில் வந்து நிற்கிறது. தலையை உதறியதும் தேய்த்ததும் பூச்சியால் இல்லை. நோய் நாலு மாதம் முன்பே உங்களிடம் சொல்லிவிட்டது.

மூக்கில் இரத்தம் என்றால் அட்டை ஏறியிருக்கும் என்பார்கள், குறட்டை நோய் என்பார்கள். இரண்டும் உண்டுதான். குறட்டை நோய்க்குக் காரணமான இரத்தப்புழுவை ராவ் என்பவர் 1933-லேயே சென்னையில் விவரித்துவிட்டார். ஆனால் அந்த நோயில் மாடு குறட்டை விடும், கொம்பு ஆடாது. சந்தேகம் இருந்தால் இரண்டு கொம்பையும் விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். இடது கொம்பு காலிப் பானை மாதிரி ஒலிக்கும். வலது கொம்பு நீர் நிரம்பிய பானை மாதிரி மொத்தென்று கேட்டால், உள்ளே சதை அடைத்திருக்கிறது. காதடியிலும் தொட்டுப் பாருங்கள், நெறி கட்டியிருந்தால் நோய் கொம்பைத் தாண்டிப் போயிருக்கலாம்.

இவ்வளவு சொன்னாலும் இதெல்லாம் யூகம்தான். இடிபட்டு உள்ளே முறிந்த கொம்பும் ஆடும். காற்றறையில் சீழ் வைத்தாலும் மாடு தலையைச் சாய்க்கும், மூக்கு ஒழுகும். கண்ணால் பார்த்துப் புற்று என்று சொல்கிறவரை நம்பாதீர்கள், நானாக இருந்தாலும் சரி. கட்டி என்று எதை அறுத்தாலும், அது கொம்போ, மடியோ, கண் இமையோ, ஒரு துண்டு ஃபார்மலின் பாட்டிலுக்குள் போக வேண்டும். சதை அழுகாமல் காக்கிற திரவம் அது. என்னோடு வேலை பார்த்தவர்கள் என்னை ஃபார்மலின்காரன் என்று கேலி செய்வார்கள். பரவாயில்லை.

அந்தப் பெயர் வந்ததற்கு ஒரு கதை உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வண்டி மோதியதால் கொம்பு ஆடுகிறது என்று ஒருவர் எருதைக் கொண்டுவந்தார். மோதியது உண்மைதான், அவரே பார்த்திருக்கிறார். கொம்பை அறுத்தேன், உள்ளே சாம்பல் நிறத்தில் பொலபொலவென்று சதை. பழைய இரத்தக்கட்டு என்று நினைத்து வாளியில் போட்டேன். புண்ணும் ஆறியது. மூன்றாவது மாதம் அதே குழியில் காலிஃபிளவர் மாதிரி பொங்கிக்கொண்டு வந்தது. அப்போது மறுபடி அறுக்க இடமில்லை, கண்குழி வரை போயிருந்தது. வண்டி மோதியதால் கொம்பு ஆடவில்லை. உள்ளே அரித்துப் போயிருந்த கொம்பு, லேசாக மோதியதும் ஆடிவிட்டது. ஒரு துண்டை அனுப்பியிருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும். அந்த எருதுக்காரர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

எனவே இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். கடையில் விற்கிற ஃபார்மலின் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. சதைத் துண்டு ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் வேண்டாம். கனமாக இருந்தால் மருந்து உள்ளே இறங்குவதற்குள் நடுப்பகுதி அழுகிவிடும். சதை எவ்வளவோ அதைப் போல பத்து மடங்கு திரவம் இருக்க வேண்டும். துண்டை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பாதிப் பேர் தவறு செய்கிறார்கள். நடுவில் கருத்து அழுகிய இடத்தில் எடுத்தால் செத்த செல்தான் இருக்கும், பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. நோய்ச் சதையும் நல்ல சதையும் சேர்கிற ஓரத்தில், இரண்டும் வருகிற மாதிரி எடுக்க வேண்டும். உப்பில் போடாதீர்கள், ஐஸ் பெட்டியில் உறைய வைக்காதீர்கள். மாட்டின் வயது, எந்தக் கொம்பு, எத்தனை நாளாக, என்னென்ன ஊசி போட்டது என்று சீட்டில் எழுதி ஒட்டுங்கள். திரவத்தின் நெடி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது. உங்கள் பக்கத்துக்கு உடுமலையிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நோய்க்குறியியல் துறையில் கொடுத்தால் மெல்லிய சீவலாக்கிச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வார்கள். அப்புறம்தான் ஊசிப் பேச்சு.

ஊசி என்றதும் கடைக்காரர் ஞாபகம் வருகிறது. என்ன போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. முதல் வாரம் தேவலை, அப்புறம் பழையபடி என்று எழுதியதை வைத்துப் பார்த்தால், ஒரு ஆன்டிபயாடிக்கும் கூடவே ஒரு ஸ்டீராய்டும் போயிருக்கிறது என்று நினைக்கிறேன். ஸ்டீராய்டு வீக்கத்தை அமுக்கும், மாடு தீனி எடுக்கும், கடைக்காரர் கைராசிக்காரர் ஆகிவிடுவார். உள்ளே கட்டி தன் போக்கில் வளரும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் அடங்கிப் போகும். கடைக்காரர் வைத்தியரல்ல, வியாபாரி. அவரிடம் மருந்து வாங்குங்கள், நோயின் பெயரை வாங்காதீர்கள். வலி ஊசியாக டைக்ளோஃபெனாக் கொடுத்திருந்தால் அது தனிக் குற்றம். அதைப் போட்ட மாடு செத்தபின் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளை அழித்ததற்காக 2006-லேயே கால்நடைக்குத் தடை செய்த மருந்து அது. வலிக்கு மெலாக்சிகாம் இருக்கிறது, டாக்டர் எழுதிக் கொடுப்பார். காலி ஊசிக் குப்பிகளைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

புற்றுதான் என்று முடிவு வந்தால் அறுவைதான் முதல் வைத்தியம். கொம்பை மரத்துப் போகவைத்து, அடியோடு அறுத்து, நோய்ச் சவ்வை நல்ல இடம் வரை சுரண்டி எடுத்து, தோலை இழுத்து மூடித் தைப்பார்கள். நோய் கொம்போடு நிற்கும்போது செய்தால் நன்றாகப் பிழைக்கிற மாடுகள் உண்டு. கூடவே வின்கிரிஸ்டின் என்ற மருந்தை இரத்தக்குழாயில் வாரம் ஒருமுறை ஏற்றுவார்கள். குழாயை விட்டு வெளியே சிந்தினால் அந்த இடத்துச் சதை வெந்து போகும், எனவே பழகிய கைதான் போட வேண்டும். போட்ட சில நாள் சாணியையும் மூத்திரத்தையும் வெறுங்கையால் அள்ளக் கூடாது. புற்றுத் திசுவையே ஃபீனால் என்ற வேதிப்பொருள் கலந்த உப்புக் கரைசலில் பக்குவப்படுத்தி, அதே மாட்டுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்த ஆய்வுகளும் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. ஆரம்ப நிலையில் கட்டி சுருங்கியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். முற்றிய கட்டியில் அதை நம்பி அறுவையைத் தள்ளிப் போட நான் சொல்ல மாட்டேன்.

வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுப்பது. இதைச் சொன்னாலே வேலியோரச் செடியைப் பறித்து அரைத்துக் கொடுக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். கொடுக்காதீர்கள். பெரிய மூட்டை இலையிலிருந்து கிடைப்பது துளியிலும் துளி. அந்த இலையில் வேறு விஷச் சத்துகளும் இருக்கின்றன, தின்ற மாட்டுக்கு அதுவே தனி வியாதி.

ஏன் வந்தது என்பதற்கு ஒரே காரணத்தை யாரும் அடித்துச் சொல்லிவிடவில்லை. வெயில், கயிற்றின் உரசல், கொம்பு சீவுவது, வர்ணம் பூசுவது, காயடித்தபின் மாறும் ஹார்மோன் என்று எல்லாவற்றையும் சந்தேகிக்கிறார்கள். நான் இதில் கறார். அழகுக்கு என்று கொம்பைச் சீவுவதும், பொங்கலுக்குப் பொங்கல் எனாமல் பெயின்டை அப்புவதும் மாட்டுக்கு எந்த நன்மையும் செய்வதில்லை. காவியும் சுண்ணாம்பும் போதும்.

இப்போதைக்கு ஏர், வண்டி எதிலும் பூட்டாதீர்கள். வலது கொம்பில் கயிறு படவே கூடாது. திறந்த புண்ணில் இனி பினாயில் ஊற்றாதீர்கள், அது நேராகத் தலையின் காற்றறைக்குள் இறங்கும். புண்ணைச் சுற்றியுள்ள தோலில் வேப்பெண்ணெய் தடவி, மேலே சுத்தமான துணியால் தளர்வாகக் கட்டினால் ஈ அண்டாது. அறுவைக்குப் பிறகு புண் ஆறினால் ஒற்றைக் கொம்போடு ஏர் இழுக்கும். நுகம் கழுத்தில்தானே உட்காருகிறது.

இடத்து மாட்டையும் மாதம் ஒருமுறை தட்டிப் பாருங்கள். ஒட்டும் என்று இல்லை, அதுவும் அதே வயது எருதாக இருக்கும் என்பதால்தான். நாளைக் காலையிலேயே கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அழைத்து, கொம்புப் புற்று சந்தேகம் என்று சொல்லுங்கள். டாக்டர் வரும்போது ஃபார்மலின் கொண்டுவரச் சொல்லுங்கள். பாட்டிலை நீங்களே எடுத்து வையுங்கள், வாய் அகலமான ஊறுகாய் பாட்டில் போதும். குறுகிய வாய் பாட்டிலில் போட்டால், சதை இறுகிய பிறகு வெளியே எடுக்க முடியாது.