ஹோமா ஐ.ஆர். 4.36 என்று வந்திருக்கிறது, குடல் புற்றுநோய் வருமா?

வெறும் வயிற்றில் சர்க்கரை 98, இன்சுலின் 18, எங்கோ படித்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. லேபில் ரத்தம் எடுப்பவன், இந்த ரிப்போர்ட்டுகளோடுதான் என் காலைப் பொழுது.

ஹோமா ஐ.ஆர். தனி டெஸ்ட் இல்லை, இன்சுலினுக்கு உடல் எவ்வளவு மசியாமல் இருக்கிறது என்று மதிப்பிடும் வெறும் கணக்கு. 98ஐ 18ஆல் பெருக்கி 405ஆல் வகுத்தால் 4.36. உங்கள் சர்க்கரை நார்மல்தான், ஆனால் அதை அப்படி வைத்திருக்கக் கணையம் கூடுதல் இன்சுலினைக் கொட்டுகிறது. இன்சுலின் சர்க்கரையை மட்டும் பார்ப்பதில்லை, செல்களை வளரவும் தூண்டும். அது ஏறினால், ஐ.ஜி.எஃப்.-1 என்ற வளர்ச்சிக் காரணியைப் பிடித்து வைக்கும் சில புரதங்கள் குறையும், அந்தக் காரணி பிடியில்லாமல் வேலை செய்யும். குடலின் உட்சுவரில் செல்கள் பெருக அது தோதாகிவிடுகிறது.

ஆதாரம் உண்டா என்றால், உண்டு. அமெரிக்க ஆண் டாக்டர்களிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், ரத்தத்தில் சி-பெப்டைடு மிக அதிகமாக இருந்த பிரிவினருக்கு, மிகக் குறைவாக இருந்தவர்களைவிடப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 2.7 மடங்கு. இன்சுலின் சுரக்கும்போது கூடவே வருவது சி-பெப்டைடு, ரத்தத்தில் இன்சுலினைவிட அதிக நேரம் தங்கும். எல்லா ஆய்விலும் இவ்வளவு பெரிய எண் வரவில்லை. டைப் 2 சர்க்கரை நோயாளிகளுக்கே கூடுதல் அபாயம் 20-30 சதவீதம் என்ற அளவில்தான் பேசப்படுகிறது.

அப்புறம், ஒற்றை இன்சுலின் எண்ணை அவ்வளவு நம்பாதீர்கள். நரம்பு சரியாகக் கிடைக்காமல் இழுத்து எடுத்து, சிவப்பணுக்கள் உடைந்துபோனால் இன்சுலின் குறைத்துக் காட்டும். 'காபி மட்டும்தான் சார் குடிச்சேன்' என்பவர்களுக்கு ஏற்றிக் காட்டும்.

எடை, நடை, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு இதையெல்லாம் சர்க்கரைக்காகவே கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் இந்த 4.36ஐ வைத்து மட்டும் யாரும் கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) எழுத மாட்டார்கள். மலத்தில் ரத்தம் வந்தால் 'மூலம்தான்' என்று நீங்களே முடிவு கட்டாமல் டாக்டரிடம் போங்கள். காரணம் தெரியாத இரும்புச்சத்துக் குறைவுக்கும் அதேதான். அமெரிக்காவில் அறிகுறியே இல்லாதவர்களுக்கும் 45 வயதில் குடல் புற்றுநோய்ப் பரிசோதனை தொடங்குகிறார்கள். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்களில் யாருக்காவது 60 வயதுக்குள் இந்த நோய் வந்திருந்தால், உங்கள் 40 வயதிலோ, அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னாலோ, எது முந்துகிறதோ அப்போது கொலோனோஸ்கோபி செய்துகொள்ளச் சொல்வார்கள். முதலில் வீட்டில் அதை விசாரியுங்கள்.