முடிவெட்டப் பத்து வெள்ளி

கேள்வி: என் தந்தைக்கு 62 வயது. சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டி, 60 வயதில் ஓய்வு பெற்றார். இப்போது அதே தோட்டத்து நாற்றுப்பண்ணை வேலைக்கு நிர்வாகி அழைக்கிறார். அப்பாவும் போகத் துடிக்கிறார். மகன் சோறு போடவில்லை என்று ஊர் பேசுமே என்று நான் தடுக்கிறேன். வீட்டில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. சேமநிதிப் பணம் உள்ள வங்கி அட்டையைக் கூட, மறதியில் தொலைத்துவிடுவார் என்று நான்தான் வைத்திருக்கிறேன். முடிவெட்டப் பத்து வெள்ளி (ரிங்கிட்) கேட்டால் உடனே கொடுத்துவிடுவேன். அவரை வீட்டோடு இருக்கவைக்க அரசாங்க உதவித்தொகை கிடைக்குமா?
– ஒரு மகன், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: தம்பி, பத்து வெள்ளியை உடனே கொடுத்துவிடுவதாகப் பெருமையோடு எழுதியிருக்கிறீர்களே, உங்கள் தந்தை வேலைக்குத் துடிப்பதன் காரணம் அந்த வரியில்தான் இருக்கிறது. இருட்டோடு எழுந்து, ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு நின்று, குலை வெட்டிய கூலியில் உங்களை வளர்த்த மனிதர், தன் சொந்தப் பணத்துக்காக, தலைமுடி வளரும்போதெல்லாம் மகன் முன்னால் வந்து நிற்கிறார். நீங்கள் எவ்வளவு விரைவாகக் கொடுக்கிறீர்கள் என்பது எனக்குப் பொருட்டல்ல. அவர் கேட்க வேண்டியிருப்பதே தவறு. அட்டை தொலைந்தால் வங்கியில் வேறு அட்டை வாங்கிக்கொள்ளலாம். மறதி உண்மையானால் அரசாங்க கிளினிக்கில் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால், நாற்றுகளை நம்பி ஒப்படைக்க முன்வரும் நிர்வாகியின் கண்ணில் படாத மறதி உங்கள் கண்ணில் மட்டும் எப்படிப் பட்டது?

உதவித்தொகை பற்றிக் கேட்டீர்கள். சமூக நலத்துறை முதியோருக்கு வழங்கும் உதவி 2025 முதல் மாதம் 600 ரிங்கிட். 60 வயதைக் கடந்து, வருமானமும் இல்லாமல், தாங்குவதற்குக் குடும்பமும் இல்லாமல், தோட்டம் துண்டாடப்பட்டபின் தொழிலாளர் குடியிருப்பான லயத்தை விட்டு வந்து எங்கோ ஓர் அறையில் தனியே கிடப்பவர்களைப் போன்றோருக்காக உள்ள பணம் அது. மகன் வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் இருப்பவர் என்று நீங்களே எழுதும் தந்தைக்காக அந்த வரிசையில் நிற்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

அரசாங்கம் உங்கள் தந்தைக்குச் செய்திருப்பது வேறு. 2013 ஜூலை முதல் தேதி நடப்புக்கு வந்த சட்டம், 60 வயதுக்கு முன் தொழிலாளியை ஓய்வுக்கு அனுப்பக் கூடாது என்று தனியார் முதலாளிக்குத்தான் எல்லை போட்டதே தவிர, அதற்குப் பிறகு உழைக்கக் கூடாது என்று தொழிலாளியைத் தடுக்கவில்லை. 60-ஐக் கடந்தவருக்கும் முதலாளி சம்பளத்தில் 4 விழுக்காட்டைச் சேமநிதியில் கட்ட வேண்டும்; தொழிலாளியின் பங்கு கட்டாயமில்லை. வேலையிடத்தில் அடிபட்டால் பெர்கேசோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பாதுகாப்பு இந்த வயதிலும் உண்டு, அதன் சந்தா முழுவதும் முதலாளியின் பொறுப்பு. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டும் வயதைப் பார்ப்பதில்லை. வயதானவரை முழுநேர வேலைக்கு வைப்போருக்கு வரியில் கூடுதல் கழிவு தரும் ஏற்பாடும் 2019-இல் அறிமுகமானது. ஆகவே, நிர்வாகி தயவு காட்டுகிறார் என்று எண்ணி அப்பா குறைந்த கூலிக்குத் தலையாட்டிவிடக் கூடாது. மகனாக நீங்கள் நிற்க வேண்டிய இடம் இதுதான்: தோட்ட அலுவலகத்துக்கு அவரோடு போய், சம்பளமும் வேலை நேரமும் எழுதிய நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்; மருந்து தெளிக்கும் வேலை கூடாது என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

ஊர் பேசும் என்கிறீர்கள். பேசட்டும். பெற்றவரைக் காப்பது பிள்ளையின் கடமை என்பதில் எனக்கு எந்தத் தளர்வும் இல்லை. அவர் நடமாட முடியாமல் படுத்தால் நீங்களும் உங்கள் மனைவியும் முகம் சுளிக்காமல் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் காப்பது என்ற பெயரில், கைகால் நன்றாக இருக்கும் ஒருவரின் பணத்தையும் பகல் பொழுதையும் பறித்துக்கொள்ளப் பிள்ளைக்கு உரிமையில்லை.

இன்று மாலையே அட்டையை அவர் கையில் கொடுங்கள். இரகசிய எண்ணை அவரே வங்கிக்குப் போய் மாற்றிக்கொள்ளட்டும். முதல் சம்பளம் வந்ததும் வீட்டுக்கு ஏதாவது வாங்கி வருவார். எதற்கு இந்தச் செலவு என்று கேட்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.