எம்கே-அல்ட்ரா நடந்தது உண்மை. அதனால் கோபுரக் கதையும் உண்மையாகிவிடுமா?

"அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ எம்கே-அல்ட்ரா என்ற மனக்கட்டுப்பாட்டு ஆய்வுத் திட்டத்தை நடத்தியது ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி, ஆகவே கைப்பேசிக் கோபுரங்கள் வழியாக அரசாங்கம் நம் மனத்தை ஆட்டிவைக்கிறது என்பதும் உண்மைதான்" என்று உங்கள் பெரியப்பா வாதிடுவதாகவும், அவருக்கு எப்படிப் பதில் சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவர் சொல்வதில் முதல் பாதி உண்மை. அதை மறுத்துப் பேச்சைத் தொடங்கினால், நியாயம் அவர் பக்கம் போய்விடும். கோலாலம்பூர் செந்தூலில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் புலன (வாட்ஸ்அப்) குழுவிலும் இதே வாதம் அடிக்கடி வருகிறது. எதிர்க் கட்டடத்தின் கூரையில் அலைவாங்கி ஏறிய பிறகு, எங்கள் வரிசையில் ஒருவர் படுக்கையறைச் சன்னல் முழுவதும் அடுப்படி அலுமினியத் தாளை ஒட்டி வைத்திருக்கிறார்.

நடந்தது இதுதான். கொரியப் போரில் சிறைப்பட்ட அமெரிக்க வீரர்கள் எதிரிக்குச் சாதகமாக வாக்குமூலம் தந்ததைக் கண்டு, கம்யூனிஸ்டுகள் மூளைச்சலவைக்கு வழி கண்டுபிடித்துவிட்டார்கள் என்று வாஷிங்டன் அஞ்சியது. 1953 ஏப்ரலில் சிஐஏ இயக்குநர் ஆலன் டல்லஸ் ஒப்புதல் தர, சிட்னி காட்லீப் என்ற வேதியியலாளரின் பொறுப்பில் எம்கே-அல்ட்ரா தொடங்கியது. பல்கலைக்கழகங்கள், மருத்துவமனைகள், சிறைகள் என 80 நிறுவனங்களில் 149 உட்திட்டங்களாக அது விரிந்தது. மாயக்காட்சிகளைத் தோற்றுவிக்கும் போதைப்பொருளான எல்எஸ்டி கொடுக்கப்பட்டவர்களில் பலருக்கு என்ன கொடுக்கப்பட்டது என்றே தெரியாது. அமெரிக்க இராணுவத்தின் உயிரியல் ஆயுத ஆய்வாளரான பிராங்க் ஓல்சனுக்கு, அவர் அறியாமல் மதுவில் எல்எஸ்டி கலந்து தரப்பட்டது. ஒன்பது நாள் கழித்து அவர் நியூயார்க் தங்கும்விடுதி ஒன்றின் சன்னலிலிருந்து விழுந்து இறந்தார். 1975-இல் அதிபர் போர்டு அந்தக் குடும்பத்தை நேரில் அழைத்து மன்னிப்புக் கேட்டார்.

இவ்வளவும் வெளியே வந்த விதம்தான் முக்கியம். கணக்குத் தணிக்கையில் பிழைப்பு நடத்துகிறவன் என்பதால் எனக்கு இதில் தனி ஈடுபாடும் உண்டு. 1973-இல் அப்போதைய இயக்குநர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸ் கோப்புகளை அழிக்கச் சொன்னார், அழித்தார்கள். ஆனால் பணம் பட்டுவாடா செய்த தாள்கள் வேறொரு கிடங்கில் நிதிப் பிரிவின் ஆவணங்களோடு கிடந்தன. 1977-இல் தகவல் அறியும் சட்டத்தின்கீழ் வந்த விண்ணப்பத்துக்காகத் தேடியபோது ஏறத்தாழ 20,000 ஆவணங்கள் அகப்பட்டன. அந்த ஆகஸ்டில் செனட் விசாரணை நடந்தது. எத்தனை பெரிய இரகசியமானாலும் யாரோ ஒருவர் பணம் கோரியிருப்பார், இன்னொருவர் கையெழுத்திட்டிருப்பார். கோபுரங்களை நிறுவுவோர், ஏறிப் பழுதுபார்ப்போர், கருவி விற்போர், வாடகை வாங்கும் கட்டட உரிமையாளர்கள் என எத்தனையோ பேர் கைபட்டு நடக்கும் தொழிலில், அப்படியொரு தாளாவது இதுவரை சிக்கியிருக்கிறதா என்று பெரியப்பாவைக் கேளுங்கள்.

அடுத்து, திட்டத்தின் விளைவு என்ன என்றும் கேளுங்கள். மாண்ட்ரியல் நகரின் ஆலன் நினைவு நிலையத்தில் யூவன் கேமரன் என்ற மனநல மருத்துவர், நோயாளிகளை மருந்தால் வாரக்கணக்கில் உறங்க வைத்து, மின்னதிர்ச்சி கொடுத்து, ஒரே வாசகத்தை ஒலிநாடாவில் ஓயாமல் கேட்க வைத்தார். பலர் தம் பிள்ளைகளையே மறந்து வெளியே வந்தனர். புதிய மனம் ஒன்றை எவருக்குள்ளும் அவரால் பொருத்த முடியவில்லை. 1992-இல் கனடிய அரசு 77 பேருக்குத் தலா 1,00,000 டாலர் வழங்கியது. ஆளைக் கட்டிப்போட்டு, கேள்வி கேட்பாரின்றிச் செய்தும் கைகூடாத ஒன்றைத் தெருமுனைக் கோபுரம் செய்துவிடும் என்று நம்புவதற்கு எம்கே-அல்ட்ராவை எப்படிச் சான்றாகக் காட்ட முடியும்?

கோபுரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த நம்பிக்கை இருந்தது. 1797-இல் இலண்டன் பெத்லெம் மருத்துவமனையில் அடைக்கப்பட்ட ஜேம்ஸ் டில்லி மேத்யூஸ் என்ற தேயிலை வணிகர், ஒரு கும்பல் 'காற்றுத் தறி' என்ற எந்திரத்தால் தம் எண்ணங்களை இயக்குகிறது என்று நம்பினார். அங்கிருந்த மருத்துவர் ஜான் ஹாஸ்லம் 1810-இல் அதை விரிவாகப் பதிவு செய்தார். தோட்டத்தில் வாழ்ந்த நம் பாட்டிமார் இதையே செய்வினை என்று சொல்லி, போமோவிடம் (மலாய் மந்திரவாதியிடம்) போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்திருப்பார்கள்.

அரசுகள் நம் மனத்தை மாற்ற முயல்வதே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் பிரிட்டிஷார் மலாயாக் காடுகளின்மேல் துண்டறிக்கைகளைக் கொட்டினார்கள். ஒலிபெருக்கி கட்டிய விமானங்களிலிருந்து கம்யூனிஸ்ட் போராளிகளைச் சரணடையச் சொன்னார்கள். நம் காலத்தில், மலேசியப் பிரதமர் துறையின்கீழ் இயங்கிய பிடிஎன் (பிரோ தாத்தா நெகாரா) என்ற குடிமைப் பயிற்சிப் பிரிவின் முகாம்கள் இனவாதத்தைப் போதிக்கின்றன என்ற குற்றச்சாட்டு பல ஆண்டுகள் நீடித்து, 2018 ஆகஸ்டில் அந்தப் பிரிவைக் கலைப்பதாக அமைச்சரவை முடிவெடுத்தது. பெரியப்பாவுக்கு அரசாங்கத்தின்மேல் சந்தேகம் இருந்தால், அதைச் செலுத்த வேண்டிய இடம் இதுபோன்ற பாடத்திட்டங்களும் ஒதுக்கீடுகளும்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் தமக்கு வந்த காணொளிகளைப் பிறருக்குத் தள்ளிவிடுபவராக மட்டும் இருந்தால் மேற்சொன்னவற்றைப் பேசலாம். கோபுரம் தம் பெயர் சொல்லி அழைக்கிறது, தம்மை மட்டும் குறிவைக்கிறது என்று சொல்லத் தொடங்கியிருந்தால் விவாதத்தை விட்டுவிடுங்கள். வீட்டுக்கு அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார மருந்தகத்துக்கு) அழைத்துச் செல்லுங்கள். தேவையென்றால் அங்குள்ள மருத்துவர் மனநல நிபுணருக்குக் கடிதம் தருவார். மனநோய் என்று சொல்லி அழைத்தால் வரமாட்டார். தூக்கம் சரியில்லையே, காட்டிவிட்டு வருவோம் என்றால் பெரும்பாலும் கிளம்பிவிடுவார்.