‘மில்க்’ படத்தைத் திரையிடலாமா?

வணக்கம். உங்கள் திரைப்பட வட்டத்தில் ‘மில்க்’ (2008) படத்தைத் திரையிட்டால் அமெரிக்க அரசியல் தெரியாதவர்களுக்குப் புரியுமா என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் திரையிடுங்கள். தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைக்காமலே வாக்குக் கேட்டு, 1977இல் சான் பிரான்சிஸ்கோ நகர மேற்பார்வைக் குழுவுக்குத் தேர்வான ஹார்வி மில்க்கின் கதை இது. தன்பாலீர்ப்பு ஆசிரியர்களைப் பள்ளிகளிலிருந்து நீக்கக் கோரிய ‘ஆறாம் முன்மொழிவு’ 1978இல் வாக்கெடுப்பில் தோற்றதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதுவே போதும்.

ஷான் பென்னின் நடிப்புக்கு ஆஸ்கர் கிடைத்தது நியாயம். ஆனால் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ஒரு சிறு காட்சி. தெருவில் ஒருவர் கொல்லப்பட்டிருக்கிறார். மில்க் போலீஸ்காரருடன் பேசுவது, தரையில் கிடக்கும் விசிலின் பளபளப்பில் வளைந்த பிம்பமாகத் தெரிகிறது. கொல்லப்பட்டவர் ஆபத்தில் ஊதுவதற்கென்று வைத்திருந்த விசில். அது அவரைக் காப்பாற்றவில்லை.

குறையும் உண்டு. மில்க்கின் காதலர் ஜாக் லைராவை வெறும் தொல்லையாகவே வரைந்திருக்கிறார்கள். அதனால் அவருடைய முடிவு தர வேண்டிய வலியைத் தரவில்லை. எனக்கு இது இன்னமும் உறுத்துகிறது. மில்க்கைக் கொன்ற டான் ஒயிட்டின் வழக்கு விசாரணையும், தண்டனை மிகக் குறைவென்று 1979 மே 21 அன்று வெடித்த கலவரமும் காட்சிகளாக இல்லை. ராப் எப்ஸ்டீனின் 1984ஆம் ஆண்டு ஆவணப்படமான ‘தி டைம்ஸ் ஆஃப் ஹார்வி மில்க்’கில் இரண்டும் இருக்கின்றன. நேரமிருந்தால் அதன் இறுதிப் பகுதியையும் சேர்த்துக் காட்டுங்கள்.