மூன்று வரி திருத்தினால் 640 வரி ஏன் மாறுகிறது?

ஹட்டன் தம்பிக்கு, நிரலில் திகதிப் பிழைக்கு மூன்று வரிதான் திருத்தினேன், புல் ரிக்வெஸ்டில் (திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கையில்) 640 வரி மாறியதாகக் காட்டுகிறது, திட்டத்தின் பராமரிப்பாளர் அதை மூடிவிட்டார் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் எடிட்டர் சேமிக்கும்போது வரித் தொடக்கத்து டேப்பை எல்லாம் இடைவெளியாக மாற்றியிருக்கும், அதனால் நீங்கள் தொடாத வரிகளும் மாறியதாகக் கணக்காகும். பைத்தான் மொழியின் நடை வழிகாட்டியான பெப் 8 நான்கு இடைவெளி கேட்கும், லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கோ எட்டு எழுத்து அகல டேப்தான், அதனால் அந்தந்தத் திட்டத்தின் பங்களிப்பு விதிகள் உள்ள கான்ட்ரிபியூட்டிங் கோப்பை முதலில் படியுங்கள். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் முற்றிய இலை கலந்த கொழுந்தைக் கொட்டினால் யார் நின்று பிரிப்பார்கள்? அதுபோலத்தான், 640 வரிக்குள் உங்கள் மூன்று வரியைப் பராமரிப்பாளர் தேடமாட்டார். சரி, இப்போது தானாக ஃபார்மட் செய்வதை நிறுத்திவிட்டு, புதிய கிளையில் (பிராஞ்சில்) அந்த மூன்று வரியை மட்டும் திருத்தி, மாறிய வரிகளைக் காட்டும் கிட் டிஃப் கட்டளையைப் போட்டு வரி வரியாகப் பார்த்த பிறகு அனுப்புங்கள். விட்டுவிடாதீர்கள், நீங்கள் பிடித்தது உண்மையான பிழை.