சிங்கப்பூரிலிருந்து மன்னார்குடிப் பக்கம் வர எந்த மாதம் நல்லது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இது: தாத்தாவின் ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், எழுபது தாண்டிய அம்மா. பிள்ளைகளுக்கு ஆறும் வயலும் காட்ட வேண்டும், அம்மாவுக்குத் தஞ்சைப் பெரிய கோயில். வெப்பமண்டல நாடுகளுக்கு டிசம்பரை ஒட்டித்தான் சீசன் என்று எங்கே பார்த்தாலும் போட்டிருக்கிறது, பள்ளி விடுமுறையும் நவம்பர் பாதியில் தொடங்கிவிடுகிறது, அதனால் நவம்பர் கடைசிக்கு டிக்கெட் எடுத்துவிடலாமா?

எடுக்காதீர்கள்.

நான் பிறந்தது திருவையாறு, வாக்கப்பட்டது நீடாமங்கலம் பக்கம். இருபது வருஷமாக வெளிநாட்டு உறவுக்காரர்களுக்குப் பாய் போட்டு, சமைத்துப் போட்டு, அவர்களுடைய ஈரத்துணி காயாமல் தவித்துப் பழகியவள். அந்த உரிமையில் சொல்கிறேன்.

அந்த டிசம்பர் கணக்கு தென்மேற்குப் பருவமழையை வைத்துப் போட்டது. ஜூனில் தொடங்கி செப்டம்பரில் ஓயும் மழை அது. கேரளாவுக்கும் கோவாவுக்கும் சரியாக இருக்கும். நம் பக்கம் வருவதற்குள் அந்த மழையில் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இறங்கிவிடுகிறது. எங்கள் காவிரி டெல்டாவின் மழை அக்டோபர் நடுவுக்கு மேல் வங்கக்கடல் பக்கமிருந்து வருவது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கமெல்லாம் வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பதை உங்கள் அம்மா கேட்டே வளர்ந்திருப்பார். நவம்பர் கடைசி என்றால் நல்ல கார்த்திகை. 2018-இல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்ததும் நவம்பர் 16-இல்தான்.

புயலே வேண்டாம், சாதாரண மழையே போதும். என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், டொராண்டோவிலிருந்து ஒரு வருஷம் டிசம்பர் முதல் வாரம் குடும்பத்தோடு வந்தார். விட்டு விட்டு ஆறு நாள் மழை. எங்கள் ஊர் மண் களி. நனைந்துவிட்டால் காலைப் பிடித்துக்கொள்ளும். வயல் பார்க்கிறேன் என்று வரப்பில் இறங்கிய அண்ணிக்குக் கால் மட்டும் வெளியே வந்தது, வெள்ளை ஷூ உள்ளேயே நின்றுவிட்டது. மழைக்கு ஒதுங்கிய ஆடுகளோடு பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழாம் நாள் பளீரென்று வெயில் அடித்தது. அன்று ராத்திரி அவர்களுக்கு விமானம்.

மழை வேண்டாம் என்று பாடம் படித்துக்கொண்ட அண்ணன், அடுத்த முறை மே மாதம் வந்தார். அது அதைவிடக் கூத்து. மே 4-இலிருந்து 28 வரை கத்திரி வெயில் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். வெயிலைக்கூடச் சமாளித்தோம். திருவையாற்றில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் படித்துறைக்கு அழைத்துப் போனேன். அண்ணன் பையன் படியிறங்கி, மணலில் கொஞ்ச தூரம் நடந்து போய்த் திரும்பி, "அத்தை, காவிரி எங்கே?" என்றான். "நீ நிக்கிறதே காவிரிதான்டா" என்றேன். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. அந்தப் பக்கம் பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள், இவனும் போய்ச் சேர்ந்துகொண்டான். அந்தப் பயணத்தில் அவன் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

ஆகவே இங்கே வெயில், மழை இரண்டை மட்டும் பார்த்து மாதம் குறிக்க முடியாது. ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா என்பதுதான் முதலில். அது எங்கள் ஊர் வானத்தின் கையிலும் இல்லை. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்கு மழை பெய்து, கர்நாடக அணைகள் நிரம்பி, மேட்டூருக்கு வந்து சேர வேண்டும். மேட்டூர் அணையின் முழு உயரம் 120 அடி. என் மாமனார் காலையில் பேப்பரைப் பிரித்ததும் அன்றைய மேட்டூர் நீர்மட்டத்தைத்தான் பார்ப்பார், சாவுச் செய்தியெல்லாம் அதற்கப்புறம்.

வழக்கப்படி மேட்டூரை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். வழக்கம் என்றுதான் சொல்ல முடியும். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள், 2024-இல் ஜூலை கடைசி ஆகிவிட்டது. 2023-இல் தேதி தவறாமல் திறந்தும் அக்டோபரிலேயே தண்ணீர் நின்றுபோனது. இன்னொன்று, அணை திறந்திருந்தாலும் தண்ணீர் குறைவான வருஷத்தில் முறை வைத்து விடுவார்கள். காவிரிப் பக்கம் சில நாள், அதிலிருந்து பிரியும் வெண்ணாற்றுப் பக்கம் சில நாள். நீங்கள் வரும் அன்று எங்கள் முறை இல்லையென்றால் ஆற்றில் முழங்கால் தண்ணீர்கூட இருக்காது.

உங்கள் விடுமுறைகளோடு வைத்துப் பார்த்தால், ஜூனில் ஒரு மாதம், செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு வாரம், அப்புறம் நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர் முடிய. மார்ச் வாரத்தை விட்டுவிடலாம், ஆறு காய்ந்திருக்கும். இதில் நான் சொல்வது செப்டம்பர் முதல் வாரம். பத்து நாள் கிடைக்காது, ஏழெட்டு நாள்தான். பரவாயில்லை.

செப்டம்பர் என்றால் பலரும் புழுங்குமே என்பார்கள். புழுங்கும்தான். பகலில் 35 டிகிரி பக்கம் போகும், சில நாள் சாயங்காலம் இடி இடித்து ஒரு மணி நேரம் மழை ஊற்றும். சிங்கப்பூர்க்காரர்களுக்கு இது புதுசா என்ன? ஆனால் வயலைப் பாருங்கள். ஜூனில் விதைத்த குறுகிய கால நெல்லான குறுவை கதிர் முற்றித் தலை சாய்ந்து மஞ்சளாக இருக்கும். பக்கத்திலேயே அடுத்த போகமான சம்பாவுக்கு விட்ட நாற்றங்கால், கிளிப்பச்சை. இன்னும் கொஞ்சம் தள்ளி உழுது தண்ணீர் கட்டிய வயலில் பெண்கள் நடவு செய்துகொண்டிருப்பார்கள். விதை, நாற்று, நடவு, கதிர் எல்லாம் ஒரே சாலையில், காரில் அரை மணி நேரத்துக்குள். வேறு எந்த மாதத்திலும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரே நாளில் காட்ட முடியாது. ஆறும் கரை தொட்டு ஓடும், மேட்டூர் கைவிடாத வருஷமாக இருந்தால்.

ஒரு விஷயம், தாத்தா ஊரில் ஓடுவது பாமணியாறாக இருக்கும். அதைக் காட்டி "இது காவிரி இல்லை" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். கல்லணையில் காவிரியிலிருந்து வெண்ணாறு பிரிகிறது. அந்த வெண்ணாறு நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு என்கிற மதகில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகிறது. முதலில் கல்லணை, அப்புறம் மூணாறு தலைப்பு, அப்புறம் உங்கள் ஊர் மதகு, கடைசியில் தாத்தா வயலுக்குப் போகும் வாய்க்கால். இந்த வரிசையில் காட்டினால் பிள்ளைகளுக்குத் தானாகவே விளங்கிவிடும். திருச்சியில் இறங்கினால் கல்லணை வழியாகவே தஞ்சாவூர் வந்துவிடலாம், முதல் நாளே அது முடிந்துவிடும்.

செப்டம்பரில் இரண்டு தொந்தரவு உண்டு. ஆகஸ்ட் 29-இல் வேளாங்கண்ணியில் கொடி ஏறும், செப்டம்பர் 8 வரை திருவிழா. தஞ்சாவூரிலிருந்து கிழக்கே போகிற சாலையெல்லாம் காவி உடுத்திய நடைப்பயணக்காரர்கள், பஸ்ஸிலும் ரயிலிலும் நிற்க இடம் இருக்காது. திருவிழாவுக்கே போவதாக இருந்தால் சரி, இல்லையென்றால் அந்த வாரம் நாகப்பட்டினம் பக்கம் திரும்ப வேண்டாம். இரண்டாவது, ஆவணி முகூர்த்தம். ஆடியில் காற்று வாங்கிக்கொண்டிருந்த லாட்ஜெல்லாம் ஆவணியில் கல்யாண வீட்டுக்காரர்களால் நிரம்பிவிடும். கும்பகோணத்தில் அறை வேண்டுமென்றால் இரண்டு மாதம் முன்பே சொல்லிவையுங்கள், அதற்கு முன்னால் காலண்டரில் முகூர்த்த நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் கடைசியைப் பற்றியும் சொல்ல ஆசை, ஆனால் அது சூதாட்டம். 12-ஆம் தேதி மேட்டூரில் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வரும். அங்கே பூவும் நெல்லும் தூவித் திறந்துவிடுவார்கள். அதற்கப்புறம் எங்கள் ஊருக்கு வந்து, கடைசி வயல்களான கடைமடைக்குப் போய்ச் சேர இன்னும் பல நாள் ஆகும். புதுத்தண்ணீர் வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? அலையடித்து வராது. முன்னால் நுரை, சருகு, பிளாஸ்டிக் பாட்டில், செத்த வண்டு எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு, ஒரு கிழவி நடக்கிற வேகத்தில் வரும். மணல் குடிக்கக் குடிக்க நிற்கும், மறுபடி நகரும். தெருப்பிள்ளைகள் அதற்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து போவார்கள். ஊர் ஜனமெல்லாம் பாலத்தில் நிற்கும். எனக்கு ஆடிப்பெருக்கைவிட அந்த நாள்தான் பெரிசு. அது உங்கள் தேதியில் அமையுமா என்பதுதான் பிரச்சினை. அமையவில்லையென்றால் மணலையும் அனல்காற்றையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

செப்டம்பர் ஒத்துவராமல் டிசம்பர்தான் என்றால், கடைசி வாரத்துக்குத் தள்ளுங்கள். கிறிஸ்துமஸுக்கு ஓரிரு நாள் முன்னால் வந்து வருஷப் பிறப்போடு திரும்புவதுபோல. மழை பெரும்பாலும் அடங்கியிருக்கும், தாழ்வு மண்டலம் ஏதாவது வழி தவறி வந்தால் ஒழிய. மார்கழிப் பனி, வாசல் நிறைய கோலம், விடியுமுன்னே கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை. சம்பா கதிர் விட்டிருக்கும், ஆற்றிலும் தண்ணீர் இருக்கும். மன்னார்குடிக்குப் பக்கத்திலேயே வடுவூர் ஏரியில் பறவைகள் வந்திருக்கும். இன்னும் தெற்கே போனால் கோடியக்கரையில் பூநாரையும் வெளிமானும். கொசுவும் அப்போது உச்சத்தில் இருக்கும், ஒளிக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் பள்ளிச் சுற்றுலாக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

பள்ளிக் கணக்கு இல்லாமல் அம்மா மட்டும் தனியாக வருவதானால் மாசி மாதம் வரச் சொல்லுங்கள். தை நல்லதில்லையா என்று கேட்பீர்கள். பொங்கல் இருக்கிறது, திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை இருக்கிறது, குளிரும் இதம். ஆனால் தையில் சம்பா அறுப்பு. அறுவடை மெஷினுக்கு முறை வைத்துக் காத்திருப்பார்கள், நெல்லை ரோட்டில் காயவைப்பார்கள், கொள்முதல் நிலையத்து வாசலில் ராத்திரி படுத்துக் கிடப்பார்கள். உறவுக்காரர் வந்தால் "வாங்க, உட்காருங்க" என்று காபியைக் கொடுத்துவிட்டு வயலுக்கு ஓடிவிடுவோம். மாசியில் நெல் போட்ட பணம் கையில் இருக்கும், வயலில் உளுந்தும் பயறும் பச்சையாக நிற்கும், காதுகுத்து, கிரகப்பிரவேசம், கும்பகோணத்தில் மாசி மகம் என்று எல்லாரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள். உங்கள் அம்மாவோடு சாவகாசமாக உட்கார்ந்து தாத்தா கதையைப் பேச ஆள் இருக்கும். ஆறு மட்டும் வற்றத் தொடங்கியிருக்கும்.

எந்த மாதமானாலும் பெரிய கோயிலுக்கு அம்மாவை மத்தியானத்தில் அழைத்துப் போகாதீர்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், வெளிமுற்றம் முழுக்கக் கல், வெறுங்காலில் வைக்க முடியாது. விரித்திருக்கும் பாயும் எல்லா இடத்துக்கும் எட்டாது. காலை ஏழு மணிக்குப் போய் எட்டரைக்கு வெளியே வந்துவிடுங்கள், இல்லையென்றால் சாயங்காலம் ஐந்துக்கு மேல். மூட்டு வலி இருக்குமானால் உள்ளே ஏறும் படிகளுக்கு ஒரு ஆள் துணை வேண்டும். தாராசுரம் அவருக்கு இன்னும் வசதி, சின்னக் கோயில், சுற்றிலும் புல்தரை.

டிக்கெட்டை ஜூன் பாதி வரைக்கும் தள்ளிப்போடுங்கள். மேட்டூர் திறந்ததா, அணையில் எத்தனை அடி இருக்கிறது என்று பார்த்துவிட்டு செப்டம்பருக்கு எடுங்கள். நீர்மட்டம் மோசமாக இருந்தால் டிசம்பர் கடைசி. நடுவில் சந்தேகம் வந்தால் இந்தப் பதிலின் கீழேயே கேளுங்கள், அன்றைய நிலவரத்தை மாமனாரிடம் கேட்டுப் போடுகிறேன்.